இரண்டு இரவு மாலத்தீவு என்றார்கள், தீவில் இருந்தது நாலரை மணி நேரம்

பணம் கட்டியது இரண்டு இரவுகளுக்கு. அந்தத் தீவில் நாங்கள் ஓர் இரவுகூடத் தூங்கவில்லை. நீண்ட விமானப் பயணத்துக்கு நடுவில் ஒரு தீவில் இறங்கி ஓய்வெடுக்கலாம் என்று யாராவது இப்போது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போனது நான், அம்மா, தம்பி மூன்று பேர். அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பதினாறு மணி நேரம் ஒரே மூச்சாக விமானத்தில் உட்கார முடியாது என்பதால் நடுவில் ஒரு ஸ்டாப்ஓவர் போடலாம் என்று முடிவு செய்தோம். "சுத்திப் பார்க்கவெல்லாம் வேண்டாம். கால் நனையற மாதிரி கடல்ல உட்காரணும், அவ்வளவுதான்" என்றார் அம்மா.

தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு டிராவல் ஏஜென்டிடம் போனேன். எனக்கு மனதில் இருந்தது மலேசியாவின் லங்காவி தீவு. விமான நிலையம் அந்தத் தீவிலேயே இருக்கிறது, இறங்கி டாக்சி பிடித்தால் சற்று நேரத்தில் பந்தாய் செனாங் கடற்கரை. அவர் விடவில்லை. "மேடம், லங்காவிக்கு யார் வேணும்னாலும் போவாங்க. மாலத்தீவுன்னா உங்க அம்மாவுக்கு ஆயுசுக்கும் மனசுல நிக்கும். இறங்கினதும் சீபிளேன், நாற்பது நிமிஷம், நேரா ரிசார்ட் படகுத்துறை" என்றார். பணம் கட்டுவதற்கு முன்பே எங்கள் விமான டிக்கெட்டை அவருக்கு அனுப்பினேன். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் இறங்குவது மாலை 4.40, மூன்றாம் நாள் கிளம்புவது காலை 8.30 என்று தனியாகவும் எழுதினேன். "டைமிங் பக்கா மேடம்" என்று பதில் வந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து 3,200 டாலர் கட்டினேன். தம்பிக்காக அதில் இரண்டு முறை ஸ்கூபா டைவிங்கும் சேர்த்திருந்தார்.

போனது பிப்ரவரியில். அங்கே அது மழை குறைந்த காலம், வானம் தெளிவாக இருந்தது, எங்கள் விமானமும் சரியான நேரத்துக்கே இறங்கியது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்தரை. ரிசார்ட் கவுன்டரில் இருந்த இளைஞர் எங்கள் வவுச்சரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். அன்றைக்கான சீபிளேன்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்றார்.

சீபிளேன் என்பது கடல் நீரிலேயே ஏறி இறங்கும் சின்ன விமானம், மாலத்தீவில் அது பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் கடல் நீரில் இறக்க வேண்டும். வழி காட்ட விளக்கு போட்ட ஓடுபாதை அங்கே கிடையாது. சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறு மணிக்கு, அதற்குள் எல்லா விமானங்களும் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் பிற்பகல் மூன்றரை வாக்கில் மாலேயில் இறங்கிவிட வேண்டும் என்று சீபிளேனில் போக வேண்டிய ரிசார்ட்டுகள் எல்லாம் சொல்கின்றன. இது ரகசியம் ஒன்றும் இல்லை. மாலத்தீவை விற்கிற எவருக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த மனிதருக்கும் தெரிந்திருக்கும்.

நாங்கள் இறங்கிய வெலானா விமான நிலையம் இருப்பது மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தீவில். அங்கிருந்து சாலை வழியாகவே ஹுல்ஹுமாலேவுக்குப் போகலாம், அது கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவு. அங்கே கைக்காசு போட்டு அறை எடுத்தோம். ஏஜென்டுக்கு ஏழு முறை போன் செய்தேன். எட்டாவது முறை எடுத்து, "ஆபரேஷனல் இஷ்யூ மேடம், வானிலையா இருக்கும்" என்றார். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரம் தெரிந்தது.

மறுநாள் காலை சீபிளேன் முனையத்தில் இன்னொரு விஷயம் தெரிந்தது. ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம். ட்வின் ஆட்டர் என்ற சின்ன விமானம், பதினைந்து பேர் உட்காரலாம், எடை முக்கியம். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நீண்ட பயணத்தின் நடுவில் வருகிறவர்கள் கையில் 30 கிலோ பெட்டி இருக்கத்தானே செய்யும்? விமான நிலையத்திலேயே லக்கேஜை வைத்துவிட்டுப் போக இடம் உண்டு. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னப் பையில் மாற்றுத்துணி எடுத்து வைத்திருப்போம். நாங்கள் அந்தத் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து அடுக்கினோம், அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் வழியில் வேறு இரண்டு ரிசார்ட்டுகளில் ஆட்களை இறக்கியது. நாற்பது நிமிடம் எழுபது நிமிடம் ஆனது. படகுத்துறையில் இறங்கினால் அங்கே கடிகாரம் 12.10 என்றது, அம்மா பயந்துவிட்டார். மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரத்தை வைத்துக்கொள்கின்றன, விருந்தினர்களுக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. மாலே கணக்கில் மணி 11.10தான்.

வரவேற்பில் இருந்த பெண் மிகுந்த தயக்கத்தோடு அடுத்ததைச் சொன்னார். மறுநாள் காலை 8.30 விமானத்துக்கு ஐந்தரைக்கே மாலேயில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் விடிந்தே இருக்காது, சீபிளேன் கிடையாது. ஆகவே அன்று பிற்பகல், மாலே கணக்கில் 3.45க்கே நாங்கள் கிளம்பிவிட வேண்டும். அதாவது எங்கள் டிக்கெட்டோடு அந்தத் தீவில் இரண்டு இரவு தங்குவது தொடக்கத்திலிருந்தே முடியாத காரியம். முதல் இரவும் இல்லை, இரண்டாவது இரவும் இல்லை.

அவர் தன் திரையைத் திருப்பி ஒரு மின்னஞ்சலைக் காட்டினார். நாங்கள் வருவதற்கு 17 நாள் முன்பு ரிசார்ட் என் ஏஜென்டுக்கு எழுதியது. இந்த விமான நேரத்துக்குச் சீபிளேன் இணைப்பு கிடைக்காது, விருந்தினர்களிடம் சொல்லுங்கள், வேண்டுமானால் கட்டணம் இல்லாமல் ரத்து செய்கிறோம் என்று தெளிவாக இருந்தது. அதற்கு ஏஜென்ட் அனுப்பிய பதில் ஒரே வரி: விருந்தினர்களுக்குத் தெரியும், அவர்களுக்குச் சம்மதம்.

நான் அதைப் படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தவறு யாருக்கும் நடக்கும். இது தவறே இல்லை. பணம் திரும்பக் கிடைக்க வழி இருந்தபோது, என் பெயரில் பொய் சொல்லி அந்த வழியை அடைத்திருக்கிறார்.

டைவிங்கும் நடக்கவில்லை. டைவ் சென்டரில் இருந்தவர் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வியே "அடுத்த விமானம் எப்போது?" என்பதுதான். ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது, அது மெதுவாக வெளியேற நேரம் கொடுக்காமல் உயரத்தில் பறந்தால் குமிழிகளாக மாறி ஆளையே முடக்கிவிடும். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் பறக்காமல் இருக்க வேண்டும். பல இடங்களில் 24 மணி நேரம் என்றே வைத்திருக்கிறார்கள். அவர் மறுத்தது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் புரிந்தது. இரண்டே இரவு தங்குகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லாமல் டைவிங் விற்பது பண மோசடியைவிட மோசம், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த நாலரை மணி நேரத்தில் அம்மா நினைத்தபடி தண்ணீரில் உட்கார்ந்தார். முழங்காலளவு நீர், அடியில் மணல் பளிச்சென்று தெரிந்தது, குட்டிச் சுறா ஒன்று கரையோரமாகவே போய்வந்தது. மூன்று மணிக்கு நான் போய்க் கூப்பிட்டபோது, "இப்பதானே வந்தோம்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்து ஸ்டாப்ஓவர் போட்டால் நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்கிறேன். தீவின் படங்களைப் பார்க்க மாட்டேன், பெரிய விமானத்திலிருந்து இறங்கியபின் இன்னும் எதில் ஏற வேண்டும் என்று பார்ப்பேன். ஒன்றிரண்டு இரவு என்றால் விமான நிலையத்திலிருந்து காரிலேயே கடற்கரைக்குப் போகும் தீவுதான்: லங்காவி, புக்கெட், மொரீசியஸ், பசிபிக் பக்கம் போகிறவர்களுக்கு குக் தீவுகளின் ரரோட்டோங்கா. அதே பசிபிக்கில் போரா போரா அழகுதான், ஆனால் டஹீட்டித் தீவின் பப்பேட்டேயில் இறங்கி இன்னொரு விமானம், அதற்குப் பிறகு படகு. அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். மாலத்தீவுதான் வேண்டும் என்றால் மாலேக்குப் பக்கத்தில் ஸ்பீட்போட்டில் போகிற ரிசார்ட்டாகப் பாருங்கள், இரவிலும் படகு உண்டா என்று ரிசார்ட்டிடமே கேளுங்கள். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களும் உண்டு, செலவு குறைவு. ஆனால் வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, பல தடங்களில் அரசுப் படகு ஓடாது, அதை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். மாதத்தையும் பாருங்கள். ஒரே தாய்லாந்தில் புக்கெட்டில் மழை ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை, சாமுய் தீவில் கனமழை நவம்பரில்.

அப்புறம், ஏஜென்ட் மூலம் போனாலும் உங்கள் விமான எண்ணையும் நேரத்தையும் ரிசார்ட்டுக்கு நீங்களே நேரடியாக எழுதிவிடுங்கள். நான் அந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. கொடுக்கிற விலைப்பட்டியல் பழையதா என்றும் பாருங்கள்: எனக்கு வந்ததில், சுற்றுலாப் பயணிகளிடம் மாலத்தீவு அரசு வாங்கும் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் என்று இருந்தது, ரிசார்ட்டுகளுக்கு அது 2025 ஜனவரியிலிருந்து 12 டாலர். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏஜென்ட் டைவிங் பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மீதியை "அடுத்த டிரிப்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார், அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. நல்லவேளையாகப் பணம் கட்டியது கார்டில். ரிசார்ட் கொடுத்த அந்த மின்னஞ்சலின் நகல், நான் அனுப்பிய டிக்கெட், "டைமிங் பக்கா" என்ற பதில் மூன்றையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். போன வாரம் வங்கி கூடுதலாகக் கேட்ட ஹுல்ஹுமாலே ஓட்டல் ரசீதுகளையும் அனுப்பிவிட்டேன், இன்னும் முடிவு வரவில்லை.