யானைக்கு மூன்று கட்டம்: குறுக்கெழுத்தும் பேரகராதியும்

சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் தமிழ்க் குறுக்கெழுத்துப் புத்தகங்களைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் கொஞ்சம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மிச்சம். பல விடை பொருந்தும் குறிப்புகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை.

‘யானை, மூன்றெழுத்து’ என்று ஒரு குறிப்பு வருகிறது. களிறு, வேழம், கயம், நாகம், கைம்மா, தும்பி, அத்தி... எல்லாமே மூன்று கட்டத்தில் அடங்கும். கடலுக்கு நான்கு கட்டம் என்றால் முந்நீர், ஆர்கலி, சாகரம் என்று வரிசையாக நிற்கும்.

இதற்கு நான் நம்பியிருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. முதல் தொகுதி 1924இல் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொல்லைக் கொடுத்துப் பொருள் தேடுவது எல்லா அகராதியிலும் உண்டு. இதில் பொருளை ஆங்கிலத்தில் தட்டினாலும் அந்தப் பொருள் வரும் சொற்கள் வந்து விழும். குறுக்கெழுத்துக்காரருக்கு வேண்டியது அதுதானே.

குறையும் உண்டு. யானை என்று தேடினால் பாகன், அங்குசம், தந்தம் எல்லாம் கூடவே வரும். எழுத்தெண்ணிக்கைப்படி பிரித்தும் தராது. சலித்தெடுக்கிற வேலை நம்முடையது.

அப்படிச் சலித்தெடுப்பதில்தான் தமிழ் எழுத்துகள் கைகொடுக்கின்றன. மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ் ஒரு சொல் தொடங்குகிறது என்று வையுங்கள். அதன் குறிப்பைப் படிக்கக்கூட வேண்டாம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, ஆகவே ‘ம்’மில் முடியும் வேழம், கயம், நாகம் மூன்றும் போயின. ‘று’விலும் எந்தச் சொல்லும் தொடங்காது, களிறும் போனது. ஏழில் மிஞ்சுவது கைம்மா, தும்பி, அத்தி மட்டும். கீழ்ச் சொல் நடுக்கட்டத்தில் தொடங்கினால் கணக்கே மாறிவிடும்: ‘ளி’, ‘ழ’, ‘ம்’, ‘த்’ நான்கும் அடிபட்டு கயமும் நாகமும் நிற்கும். ‘ய’வில் தொடங்கும் சொற்கள் குறைவு என்பதால் நான் முதலில் நாகத்தைத்தான் பென்சிலால் எழுதிப் பார்ப்பேன். இப்படி ஒரு விடையும் தெரியாமலே பாதிக்கு மேல் கழிக்க முடிவது எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படிக்கும் மகளுக்கு முதலில் வருவது களிறு. மாமியாரைக் கேட்டால், “களிறு ஆம்பளை யானைம்மா, பொம்பளை யானைன்னா பிடி” என்பார். சரியான பேச்சு. வெறும் ‘யானை’ என்று குறிப்புக் கொடுத்துவிட்டு விடைப் பக்கத்தில் களிறு என்று போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம் கட்ட அமைப்பு. நம் புத்தகங்கள் பலவற்றில் ஒரு சொல்லுக்கு ஒரு கட்டம்தான் வேறு சொல்லோடு சேர்கிறது. அது கடைசி ‘ம்’மாக, அதுவும் கீழ்ச் சொல் அங்கே முடிவதாக இருந்துவிட்டால் வேழம், கயம், நாகம் மூன்றுமே சரி. அங்கே பேரகராதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. குறிப்பு எழுதியவர் அந்தக் குறிப்பிலேயே இன்னொரு சொல் சேர்த்திருக்க வேண்டும், இல்லை நடுக்கட்டத்தையாவது இன்னொரு விடையோடு கோத்திருக்க வேண்டும்.