லாடமா, வெறுங்குளம்பா, ரப்பர் காலணியா?

குதிரையின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். தேய்மானம் அதைவிடக் குறைவாக இருந்தால் வெட்டி ராவ வேண்டும். கூடுதலாக இருந்தால் குளம்புக்கு ஏதாவது ஒரு காப்பு வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குதிரை வாங்கிய கையோடு லாடம் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மண்ணிலும் புல்லிலும் நடக்கிற, வாரத்தில் சில நாள் மட்டும் சவாரி போகிற குதிரை என்றால் என் கட்சி வெறுங்குளம்புதான். கால் ஊன்றும்போது குளம்பின் பின்பக்கம் சற்றே விரிந்து கொடுக்கும். அடியில் இருக்கும் முக்கோண மெத்தையும் தரையைத் தொட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளும். இரும்பு அடித்தால் இந்த விரிவு குறைகிறது. பழைய கிரேக்கக் குதிரைகளுக்கு ஆணியடித்த லாடமே கிடையாது. கற்கள் பரப்பிய முற்றத்தில் நிறுத்திக் குளம்பை உறுதியாக்கச் சொன்னார், குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதிய பழைய கிரேக்கப் படைத்தலைவர் செனபோன். ஆனால் ஈரமும் சாணமும் கலந்த கொட்டிலில் நாளெல்லாம் நிற்கிற குதிரைக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்? மெத்தையின் ஓரப் பள்ளங்கள் அழுகி, கறுப்பாகக் கசிந்து நாறும். அதனால் தினமும் கொக்கியால் அழுக்கை எடுத்தாக வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குறடால் மிகையை வெட்டி, அரத்தால் ராவி, விளிம்பை உருட்டிவிடுவதும் அவசியம். அழகுக்காக உள்ளங்காலைக் கத்தியால் சுரண்ட விடாதீர்கள். அது மெலிந்தால் சின்னக் கல் குத்தினாலும் குதிரை நொண்டும்.

தினமும் தார் ரோட்டில் வண்டி இழுக்கிற குதிரைக்கு இது போதாது; வளர்வதைவிட வேகமாகக் குளம்பு தேய்ந்துவிடும். அங்கே லாடம்தான் சரி. ஆணி வெள்ளைக் கோட்டுக்கு (குளம்பின் அடியில் வெளிச்சுவரும் உள்ளங்காலும் சேரும் இடம்) வெளியே நிற்க வேண்டும்; உள்ளே இறங்கினால் உயிர்ச்சதையில் குத்தி சீழ் பிடிக்கும். இதைவிட அதிகமாக நடக்கிற தவறு, "லாடம் இன்னும் தேயவில்லையே" என்று நாளைத் தள்ளிப்போடுவது. இரும்பு தேயாவிட்டாலும் உள்ளே குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். முன்முனை நீண்டு, ஒவ்வொரு அடியிலும் தசைநாரை இழுக்கும். லாடம் நன்றாக இருந்தாலும் 6 வாரத்தில் கழற்றி, குளம்பை வெட்டி, அதையே திரும்ப அடிக்கலாம். வழவழப்பான சாலையில் இரும்பு வழுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரப்பர் காலணி புது யோசனை இல்லை; ரோமானியர்களே இரும்புச் செருப்பைக் குதிரைக் காலில் கட்டியிருக்கிறார்கள். ஆணி இல்லை, கொட்டிலுக்கு வந்ததும் கழற்றிவிடலாம். அளவு பொருந்தாவிட்டால் தோலை உரசிப் புண்ணாக்கும், சேற்றில் கழன்று போகும். நாள் முழுக்க வேலை செய்கிற குதிரைக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரைகளுக்குச் சீசனில் லாடம் இருக்கட்டும். கூட்டம் குறைந்ததும் கழற்றி, ஆணித்துளைகள் வளர்ந்து இறங்கும்வரை இரண்டு மூன்று மாதம் மண் தரையில் விடலாம். முதல் சில வாரம் கல் உறுத்தும். அப்போது வெளியே கூட்டிப்போக அந்த ரப்பர் காலணி உதவும்.