வண்ணாரப்பேட்டையில் அச்சிட்ட குழந்தைகள் ஆல்பம்: பேச இடம் தருகிறதா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய தெருவிலுள்ள ஒரு ஸ்டுடியோவில், மூன்றரை வயது மகளுக்காக 24 பக்கப் போட்டோ ஆல்பம் ஒன்றை 650 ரூபாய்க்கு அச்சிட்டு வாங்கினேன். பக்கங்கள் தடித்த அட்டை. முனைகளை வட்டமாக வெட்டியிருப்பதால் குழந்தையின் கண்ணில் குத்தும் பயமில்லை. நிறங்களிலும் குறையில்லை. ஆனால் நடந்து முடிந்ததை மகளோடு உட்கார்ந்து பேசத்தான் இதை வாங்கினேன் என்பதால், அந்த வேலைக்கு எவ்வளவு உதவுகிறது என்றே எழுதுகிறேன்.

உளவியல் ஆய்வாளர்கள் எலேன் ரீஸ், கேத்தரின் ஹேடன், ராபின் ஃபிவுஷ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகளின் 40ஆம் மாதம் முதல் 70ஆம் மாதம் வரை, தாய்மார்கள் அவர்களோடு பழைய நிகழ்ச்சிகளைப் பேசும் விதத்தைத் தொடர்ந்து கவனித்தது. சில தாய்மார்கள் ஒவ்வொரு கேள்வியிலும் புதிய விவரம் ஒன்றைச் சேர்த்து, குழந்தை சொன்னதைப் பிடித்துக்கொண்டே பேச்சை வளர்த்தார்கள். வேறு சிலர் எதிர்பார்த்த பதில் வரும்வரை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முன்னவர்களின் பிள்ளைகளே பின்னாளில் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரப் பிள்ளைகளை 12, 13 வயதில் விசாரித்து 2009இல் வெளியான ஆய்விலும், சிறுவயதில் தாய் அப்படி விவரம் சேர்த்துப் பேசிய பிள்ளைகளின் முதல் நினைவு மற்றவர்களுடையதைவிட இளம் வயதைச் சேர்ந்ததாக இருந்தது. இவ்வாறு பேசத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதை ரீஸும் நியூகோம்ப் என்ற ஆய்வாளரும் 2007இல் காட்டினார்கள். எனக்கு மிகுந்த தெம்பைத் தந்தது இதுதான்.

திருவொற்றியூர் மாசித் தேர்ப் படம் உள்ள பக்கத்தில் ஆல்பம் நன்றாகவே பயன்பட்டது. "தேர் பாத்தியா, இல்லையா?" என்றால் மகள் தலையாட்டுவதோடு சரி. "வடம் புடிச்சு இழுத்தாங்களே, அப்ப யார் தோள் மேல இருந்த? அங்கேருந்து என்னல்லாம் தெரிஞ்சுது?" என்றதும், "தாத்தா தோளு. பலூன் அண்ணா செருப்பு அறுந்துபோச்சு" என்றாள். படத்தில் பலூன்காரரே இல்லை. செருப்பு அறுந்த பிறகு அவர் எப்படி நடந்தார் என்று கேட்கக் கேட்க, அன்றைய வெயிலும் நீர்மோரும்கூடப் பேச்சில் வந்தன.

பெரிய குறை, நாங்கள் கேட்காமலேயே ஒவ்வொரு படத்தின் கீழும் ஸ்டுடியோவினர் அச்சிட்டிருக்கும் தங்கநிற வாசகங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுச் சத்தத்துக்கு மகள் பயந்து அழுத நாளின் படத்தில் 'இனிய நாள்' என்று போட்டுவிட்டார்கள். ஆயா அதை வாசித்துக்காட்டியதும், "நான் அழுதேன்" என்று சொல்ல வாயெடுத்தவள் பேசாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள். குழந்தைக்கு அன்று என்ன தோன்றியது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். அந்த இடத்தை அச்செழுத்து பிடித்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. படங்களை நடந்த வரிசையில் வைக்காமல் அழகு பார்த்து மாற்றியிருப்பதும், 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்கும்போது இடறுகிறது.

இருந்தாலும் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆர்டர் கொடுக்கும்போதே வாசகம் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். படங்களுக்கு வரிசை எண் இடுங்கள். முகம் மட்டும் தெரியும் படங்களைக் குறைத்து, சுற்றிலும் ஆட்களும் பொருள்களும் தெரியும் படங்களாகப் பொறுக்குங்கள். பளபளப்பில்லாத தாளைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் பாதிப் படம் தெரிவதில்லை.