ஆம்பூர்த் தோல் என்று சொல்லி விற்ற சைக்கிள் பை: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணி இருக்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் சரசரவென்று ஏதோ உரசியது. சக்கரத்தில் சுள்ளி மாட்டிக்கொண்டதோ என்று திரும்புவதற்குள், இருக்கைக்கு அடியில் கட்டியிருந்த பை அறுந்து, டயரில் பட்டுத் தெறித்துச் சாலையில் விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒலி எழுப்பிக்கொண்டே ஒதுங்கிப் போனார். பையை எடுக்கக் குனிந்தபோது என் கை நடுங்கியது.

அந்தப் பையை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பை, மாற்று டியூப், டயரை நெம்பிக் கழற்றும் லிவர் இரண்டு, திருகாணி திருகும் சாவித் தொகுப்பு ஒன்று எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். வாங்கியது வேலூரிலேயே ஒரு சைக்கிள் கடையில். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் விற்ற முறையை எழுதுகிறேன். அதே முறையில் இன்னொருவர் ஏமாறக்கூடாது.

நான் ஓட்டுவது மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள். அதில் கேரியர் கிடையாது, பெட்டி கட்ட இடம் கிடையாது. டயர் பஞ்சர் ஆனால் மாற்றுவதற்கு வேண்டியதை வைத்துக்கொள்ள இருக்கைக்கு அடியில் ஒரு சிறு பை, அவ்வளவுதான். கடைக்காரர் ஒரு பழுப்பு நிறப் பையை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். "ஆம்பூர்த் தோல் சார், அசல். மழையில் நனைந்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது" என்றார். தோல் வாசனை நன்றாகவே அடித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழிலால் வாழும் ஊர்கள். நம் ஊர்ச் சரக்கு என்ற பெருமையில் வாங்கினேன். பக்கத்தில் 600 ரூபாய்க்கு ஒரு நைலான் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தோல் என்பதையும் தண்ணீர் புகாது என்பதையும் அவர் ஒரே மூச்சில் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தனியாக மேற்பூச்சு கொடுக்காத தோல் தண்ணீரை உறிஞ்சும். அதோடு, தண்ணீர் முதலில் நுழைவது தையல் துளை வழியாகவும் ஜிப் வழியாகவும்தான்.

அறுந்த பையைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மேலே போனேன். மாதனூர் வருவதற்குள் பின் சக்கரம் இறங்கிவிட்டது. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் மெல்லிய எஃகு இழை ஒன்று குத்தியிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. மாற்று டியூப்தான் இருக்கிறதே என்று நிழலில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினேன். டியூப் பெட்டியை அப்போதுதான் முதல்முறையாகத் திறந்தேன்.

வால்வு உள்ளே போகவில்லை. சக்கர வளையத்தின் துளையில் வைத்து அழுத்தினேன், திருகினேன். தலை மட்டும் துளையின் விளிம்பில் உட்கார்ந்து நின்றுவிட்டது. ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது பிரெஸ்டா என்னும் ஒல்லி வால்வு. அதற்கான துளை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். என் கையில் இருந்ததோ மோட்டார் சைக்கிளுக்குப் போடுவது போன்ற தடித்த வால்வு. அதற்கு 8 மில்லிமீட்டர் துளை வேண்டும். என்ன சைக்கிள் என்று கேட்டு, வாசலில் வந்து பார்த்து, "உங்கள் வண்டிக்கென்றே போட்ட செட்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

சர்வீஸ் ரோட்டில் ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் காப்பாற்றினார். அவ்வளவு ஒல்லியான டியூப்பை அவர் அதிகம் பார்த்ததில்லை போலும். தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஆணியால் அடையாளம் போட்டு, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுத் துண்டைச் சின்னதாக வெட்டி ஒட்டினார். நாற்பது ரூபாய் கேட்டார். வேலை முடிந்ததும் என் பையைப் புரட்டிப் பார்த்து, "தம்பி, இது ரெக்ஸின்" என்றார்.

வீட்டுக்கு வந்து என் மாமாவிடம் காட்டினேன். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வாசனையை அவர் பொருட்படுத்தவே இல்லை. பட்டை பிய்ந்த இடத்தை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே பழுப்பு நிறத்தில் தாள் போல ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கு அடியில் வலை போல நெய்த வெள்ளைத் துணி. இரண்டும் நகத்தால் பிரிந்தன. அசல் தோலை வெட்டினால் இப்படி அடுக்காகப் பிரியாது, நாரும் நாருமாகப் பின்னிக்கொண்டு ஒரே உடலாக இருக்கும் என்றார். தன் பழைய செருப்பின் வாரைக் காட்டி வித்தியாசத்தையும் புரியவைத்தார். வாசனையைத் தெளித்துவிடலாம், வெட்டு விளிம்பைத்தான் மறைக்க முடியாது. ஆகவே விளிம்பை மடித்துத் தைத்து மூடிய பையாக இருந்தால், உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டை ஏன் பிய்ந்தது என்பதும் அப்போது விளங்கியது. பையின் முழு எடையும் இழுக்கும் இடத்தில் ஒரே ஒரு வரிசைத் தையல். அடியில் வலுவுக்கு வேறு துணி வைத்துத் தைக்கவில்லை. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் அந்தத் துளைகளைப் பெரிதாக்கி, தபால் தலை கிழிவதைப் போல வரிசையாகக் கிழித்திருக்கிறது. வேலூர் வெயிலில் தினமும் நின்ற வண்டி வேறு.

மறுநாள் கடைக்குப் போனேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று துண்டுச்சீட்டில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். அது பில்கூட இல்லை, மதிப்பீட்டுச் சீட்டு. வரி எண் கிடையாது, "சீட் பேக் செட் 1" என்று மட்டும் எழுதியிருந்தது. இந்தச் சீட்டைப் பார்த்து நானும் முதலில் வாயடைத்துப்போனேன், அதனால் இதை எழுதுகிறேன்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் விற்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான்; குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதுவேதான். திருப்பிக் கொடுக்கப் பில்லில் காலக்கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்தேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் தயாராக இருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. புகாருக்குப் பிறகு கடையிலிருந்து பேசினார்கள், வேறு பை தருகிறோம் என்றார்கள். எனக்கு வேண்டியது பணம், இன்னொரு பை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது என் சைக்கிளில் இருப்பது வேறு கடையில் வாங்கிய சின்ன நைலான் பை. அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும். ஒரு டியூப், இரண்டு லிவர், ஒரு சாவித் தொகுப்பு, ஒட்டுத் துண்டுகள். இதற்கு மேல் வேண்டியதில்லை. பெரிய பை என்றால் மிதிக்கும்போது தொடையில் உரசும், ஆடும். இந்தமுறை சைக்கிளைக் கடைக்கே கொண்டுபோய், எல்லாவற்றையும் உள்ளே போட்டு, இருக்கையின் இரண்டு கம்பியிலும் இருக்கையைத் தாங்கும் தண்டிலும் கட்டி, கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். டியூப்பைப் பழைய காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், சாவிகள் உரசி ஓட்டை விழாமல் இருக்க.

இந்தச் சில மாதங்களில் வேலூரில் பழுப்பு நிறப் பையோடு டியூப்பும் சேர்ந்த செட் வாங்கியவர்கள் இன்று இரவே பெட்டியைத் திறந்து, அந்த வால்வை உங்கள் சக்கரத் துளையில் ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்.