ஒன்பது ஆண்டுகளில் ஒரு கிளாக்கோமா பிரிவு

பாபநாசத்திலிருந்து அப்பாவையும் அத்தையையும் தஞ்சாவூரில் உள்ள ஒரு தனியார் கண் மருத்துவமனையின் கிளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்) பிரிவுக்கு ஒன்பது ஆண்டுகளாக அழைத்துச் செல்கிறேன். கண்புரை அறுவையாக இருந்தால் மறுநாள் கட்டைப் பிரித்ததுமே குணம் சொல்லிவிடலாம். கண் நீர் அழுத்த அறுவையோ போன பார்வையைத் திருப்பித் தராது, மிஞ்சியதைக் காப்பதே அதன் வேலை என்பதால், இந்த மதிப்புரையை எழுத இத்தனை காலம் காத்திருந்தேன்.

அப்பாவுக்குத் திறந்த கோண வகை; அதாவது, கண் நீர் வடியும் மூலை திறந்திருந்தும் அழுத்தம் ஏறும் வகை. மூன்று சொட்டு மருந்துகள் போட்டும் அழுத்தம் 28ஐ விட்டு இறங்காததால் (பாதரச மில்லிமீட்டர் கணக்கில்; இயல்பு 10 முதல் 21 வரை) வலக் கண்ணில் டிராபெகுலெக்டமி செய்தார்கள். 1968இல் கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் விவரித்த இந்த முறையில், கண்ணுள் தேங்கும் நீர் வெண்விழியில் அமைக்கும் சிறு மடிப்பின் வழியே வடிந்து, மேலிமைக்கு அடியில் கொப்புளமாகச் சேர்ந்து உறிஞ்சப்படுகிறது. உடம்போ அந்த வழியைக் காயமாகக் கருதித் தழும்பிட்டு அடைக்கப் பார்க்கும். தூர் வாராத வாய்க்காலின் கதைதான். தழும்பைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தை வைத்தும், ஐந்து ஆண்டுகள் 13, 14 என்று நின்ற அழுத்தம் ஆறாம் ஆண்டில் 19 ஆனது; இப்போது ஒரு சொட்டு மருந்து போடுகிறார். இதை நான் தோல்வியாக எண்ணவில்லை. ஏற்கெனவே அறுவை கண்ட 212 கண்களில் டிராபெகுலெக்டமியையும் கண் நீரை வடிக்கச் சிறு குழாய் பொருத்துவதையும் ஒப்பிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் முன்னதில் சுமார் 47 விழுக்காடும் பின்னதில் சுமார் 30 விழுக்காடும் தோல்வி என்று கணக்கிடப்பட்டன. அப்பாவுடையது முதல் அறுவை என்பது அவருக்குச் சாதகம்.

அத்தைக்கு மூடுகோண வகை; அந்த மூலை அடைபட்டு அழுத்தம் ஏறுவது. லேசரால் துளையிட்டும் போதாமல், கண்ணின் லென்ஸை அகற்றிச் செயற்கை லென்ஸ் வைத்ததும் கோணம் விரிந்தது. கொப்புளமும் இல்லை, அதற்கான கவலையும் இல்லை. எங்கள் தெருவில் சர்க்கரை நோயால் கண்ணுக்குள் புதுக் குருதிக்குழாய்கள் முளைத்த வகைக்கு ஆளான பெரியவருக்கு இங்கேதான் குழாய் பொருத்தினார்கள். வலி அடங்கியது, பார்வை தங்கவில்லை. அதை முன்கூட்டியே அவர் குடும்பத்தாரிடம் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னதை நான் இந்தப் பிரிவின் பெருமையாகவே கருதுகிறேன்.

என் குறை வேறு. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் ‘ஒரு மாதம் தலைக்குக் குளிக்க வேண்டாம்’ என்றுதான் இருந்தது. கொப்புளம் உள்ளவரை கிருமி புகும் வாய்ப்பும் உண்டு, ஆற்றில் முங்குவது என்றைக்கும் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு ஆடிப்பெருக்கன்று அப்பா குடமுருட்டியில் முங்கிக் குளித்தார். இரண்டு நாளில் கண் சிவந்து பீளை கட்டியது. அன்றே பார்த்து ஊசி மருந்து தொடங்கிக் கண்ணைக் காப்பாற்றியவர்களும் இவர்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். காவிரிப் படுகையில் தொழில் நடத்தும் மருத்துவமனை, ஆற்றுக் குளியலைப் பற்றி ஒரு வரி அச்சிடாதது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பார்வை எவ்வளவு பரப்புக்கு எட்டுகிறது என்று அளக்கும் காட்சிப்புலச் சோதனைக்கு இரண்டு மணி நேரமாவது காத்திருக்க நேரும். ஆனால் பழைய தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். ஒன்பது ஆண்டுத் தாள்களில் அப்பாவுக்குப் பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்புத் திட்டு ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. மறுவருகைத் தேதியும் சம்பா அறுவடையில் விழுந்தால், கேட்டவுடன் தள்ளிப் போட்டுத் தருகிறார்கள்.