கொலராடோவில் எட்டரை வருஷம்: எந்தப் பாஸ் உழைத்தது, எது தூங்கியது

எங்கள் கார் டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. உள்ளே காலாவதியான தேசியப் பூங்கா வருடப் பாஸ்கள் ஐந்து. தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒவ்வொன்றும் 80 டாலர், அதுதான் காரணம்.

2017 அக்டோபரில் வேலை மாறி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வரை ஒட்டிய அரோராவுக்கு வந்தோம். புதிதாக இந்தப் பக்கம் குடிவரும் நண்பர்கள் எல்லாரும் வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "எந்தப் பாஸ் வாங்கணும்?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. கொலராடோவில் தேசியப் பூங்காக்கள் நான்கு: ராக்கி மவுண்டன், மேசா வெர்டே, கிரேட் சாண்ட் டியூன்ஸ், பிளாக் கேன்யன். ராக்கி மவுண்டனுக்குக் காருக்கு ஒரு நாள் 30 டாலர் கொடுத்திருக்கிறோம். மூன்று தடவை போனால் 80 டாலர் பாஸுக்குப் போட்ட காசை எடுத்துவிடும். என்னுடைய ஐந்தில் மூன்றுதான் எடுத்தன. மற்ற இரண்டும் ஜனவரி மாத உற்சாகத்தில் வாங்கியவை, ஜிம் சந்தா மாதிரி. மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரும் பாஸ் கிடைத்தது. குடும்பமே அதில் உள்ளே போகலாம். ஆனால் அப்போது போனில் காட்டினால் ஏற்க மாட்டார்கள், காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள் அந்த வருஷம் காசு கொடுத்துப் பாஸ் வாங்காதீர்கள்.

2026 ஜனவரியிலிருந்து ஒரு பெரிய மாற்றம். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு வருடப் பாஸ் 250 டாலர். அந்தப் பாஸ் இல்லாமல் வந்தால், ராக்கி மவுண்டன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கும் திட்டம் இருந்தால் இதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாநிலப் பூங்காக்களின் பாஸ் வேறு கதை. 2023 முதல், வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே அதற்கு 29 டாலர் சேர்ந்து வரும். வேண்டாம் என்றால் நாம்தான் நீக்க வேண்டும். நான் முதல் வருஷம் ஏதோ நன்கொடை கேட்கிறார்கள் என்று நினைத்து, புத்திசாலித்தனமாக நீக்கிவிட்டேன். அந்தக் கோடையில் கோல்டன் கேட் கேன்யனுக்கும் ராக்ஸ்பரோவுக்குமாக நான்கு முறை வாசலில் பத்துப் பத்து டாலர் கட்டினேன். நான்காவது முறை என் மனைவி சில்லறையை எடுத்துக் கொடுத்தபடி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கே 29 டாலர் கொடுத்திருக்கலாம். ஒன்று கவனியுங்கள், இந்தப் பாஸ் வண்டிக்கு உரியது, ஆளுக்கு அல்ல. வீட்டில் இரண்டு கார் இருந்தால் அதிகம் சுற்றும் காருக்குப் போடுங்கள்.

அடுத்து, எல்லாரும் கேட்கும் ராக்கி மவுண்டன். 1915-இல் தொடங்கிய பூங்கா. நாங்கள் வந்த புதிதில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்கும் பேர் லேக் ஏரிக்குப் போய்விட்டால் காரை நிறுத்த இடம் கிடைக்கும். 2020 முதல் கோடையில் நேரம் குறித்த முன்பதிவு வந்துவிட்டது. அதில் இரண்டு வகை: பேர் லேக் சாலையும் சேர்ந்தது ஒன்று, அது சேராதது மற்றொன்று. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் நான் மாட்டினேன்.

2023 ஜூலையில் அம்மா வந்திருந்தார். இரண்டு டாலர் கட்டிப் பதிவும் செய்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடப் புளியோதரையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பேர் லேக் சாலை முகப்பில் நின்றவர் என் போனைப் பார்த்துவிட்டு, "உங்களுடையது அந்த இன்னொரு வகை" என்றார். தப்பு என்னுடையதுதான். எழுத்து அத்தனை பெரிதாகவே இருந்திருக்கிறது. வேறு வழியின்றி டிரெயில் ரிட்ஜ் சாலையில் வண்டியைத் திருப்பினேன்.

அந்தச் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. பல இடங்களில் ஓரத் தடுப்பே கிடையாது. அம்மா பள்ளத்துப் பக்க சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடி "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மரங்களெல்லாம் கீழே நின்றுவிட, மேலே வெறும் புல்லும் பாறையும். 11,796 அடியில் இருக்கும் பார்வையாளர் மையத்தில் இறங்கினோம். ஐந்து நிமிஷத்தில் அம்மாவுக்குத் தலைவலி, கொஞ்சம் மூச்சிரைப்பு. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, இது பூவா?" என்றார். மூக்குத்திக் கல் அளவில் நீலப் பூக்கள், தரையோடு தரையாக. காற்றுக்குப் பயந்து இங்கே செடிகள் உயரமாக வளர்வதில்லை. மிதித்தால் மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் பாதையை விட்டு இறங்க வேண்டாம் என்று அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். அம்மா காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார். புளியோதரையை அங்கேயே காருக்குள் வைத்துச் சாப்பிட்டோம். அதற்குள் மேகம் கறுத்து இடி கேட்டது. ஜூலை, ஆகஸ்டில் மதியம் ஆனால் இது கிட்டத்தட்ட தினசரிப் பழக்கம். மரங்கள் வளராத அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களை நேராக அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். டென்வரே 5,280 அடி. இரண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கவிட்டு, அப்புறம் ஏறுங்கள்.

ராக்கியில் என் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கு. எல்க் மான்கள் இணைதேடும் காலம். அவ்வளவு பெரிய ஆண் மான், துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு கீச்சுக் குரலில் கூப்பிடும். முதல் தடவை கேட்டபோது என் மகள் சிரித்தே விட்டாள். 75 அடி தள்ளி நிற்க வேண்டும், அதாவது இரண்டு பஸ் நீளம். போன் கேமராவைத் தூக்கிக்கொண்டு அரை பஸ் தூரத்துக்குப் போகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

இவ்வளவும் சொன்னாலும், நாங்கள் அதிகம் போன இடம் ராக்கி கிடையாது. டென்வர் நகரை ஒட்டி, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் இருக்கிற ராக்கி மவுண்டன் ஆர்சனல் காட்டுயிர்ச் சரணாலயம். பாஸ் வேண்டாம், கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது. அறுபது எழுபது தடவையாவது போயிருப்போம்.

ஆர்சனல் என்றால் ஆயுதக் கிடங்கு. பெயரில் மலை இருந்தாலும் இடம் தட்டையான புல்வெளி. 1942-இல் ராணுவம் இங்கே ரசாயன ஆயுதத் தொழிற்சாலை கட்டியது. போருக்குப் பிறகு அதே வளாகத்தில் பூச்சிக்கொல்லி மருந்தும் தயாரித்தார்கள். மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டு, நாட்டின் மிக மோசமான கழிவு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வேலி போட்டு ஆளை விடாததால் சுற்றிலும் நகரம் வளர்ந்தபோதும் உள்ளே யாரும் வீடு கட்டவில்லை. 1986 குளிர்காலத்தில் பார்த்தால், வெண்தலைக் கழுகுகள் அங்கே கூட்டமாக இரவு தங்கிக்கொண்டிருக்கின்றன. அன்றைக்கு அழிவின் விளிம்பில் இருந்த பறவை அது. 1992-இல் இதைச் சரணாலயம் ஆக்கச் சட்டம் வந்தது. சுத்தப்படுத்தும் வேலை 2010-இல்தான் முடிந்தது. சுமார் 15,000 ஏக்கர்.

2007-இல் மொன்டானாவிலிருந்து 16 பைசன்களை, அதாவது அமெரிக்கக் காட்டெருமைகளை, கொண்டுவந்து விட்டார்கள். இப்போது மந்தை நன்றாகப் பெருகிவிட்டது. 11 மைல் ஒருவழிச் சாலை, காரைவிட்டு இறங்காமல் சுற்றி வரலாம். ஒரு ஜனவரிக் காலையில் நாங்கள் போனபோது ஒரு கிடா நடுச்சாலையில் நின்றுவிட்டது. ஹாரன் அடிக்கக் கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். நாற்பது நிமிஷம். அது பனியை முகத்தாலேயே வலமும் இடமுமாகத் தள்ளி, கீழே இருந்த காய்ந்த புல்லைக் கடித்தது. தாடியில் பனிக்கட்டிகள் தொங்கின. ஒரு தடவை என் பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து மூச்சு விட்டது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. பெரிய கிடா 900 கிலோ வரை இருக்கும் என்று படித்தது அந்த நேரம் பார்த்துத்தானா நினைவுக்கு வர வேண்டும்! ஆவி வடிந்தபின் அதன் முதுகுக்குப் பின்னால் டென்வரின் உயரக் கட்டடங்கள் தெரிந்தன.

பிரெய்ரி நாய்கள் இங்கே ஏராளம். பெயர்தான் நாய், பார்த்தால் கொழுத்த அணில். அவற்றைத் தின்று வாழும் கருங்கால் ஃபெரெட் என்ற அரிய பிராணியை 2015-இல் கொண்டுவந்து விட்டார்கள். இரவில் நடமாடுவது, நாங்கள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. குறை என்று சொன்னால் நிழல் துளியும் கிடையாது, காற்று ஆளைத் தள்ளும். கோடை மதியம் போவது வீண். ஏரியில் மீன் பிடிக்கலாம், ஆனால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

தெற்கே நான்கு மணி நேரத்தில் மான்டே விஸ்டா சரணாலயம். இதற்கு மார்ச்சில்தான் போக வேண்டும். இருபதாயிரத்துக்கு மேல் சாண்ட்ஹில் கொக்குகள் வடக்கே போகும் வழியில் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் தங்கும். விடியற்காலைக் குளிரில் கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகும். இருட்டில் ஆழமில்லாத தண்ணீரில் சாம்பல் நிறக் கற்கள் மாதிரி நிற்பவை, வெளிச்சம் வந்ததும் ஒரே சமயத்தில் கிளம்பும். மர உருளையை உருட்டுகிற மாதிரி தொண்டையில் ஒரு கடகடப்பு, ஆயிரக்கணக்கில். அதைப் போனில் பதிவு செய்து வீட்டில் போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

அங்கிருந்து ஒரு மணி நேரம் போனால் கிரேட் சாண்ட் டியூன்ஸ். வட அமெரிக்காவின் மிக உயரமான மணல்மேடுகள், 740 அடி வரை. நாங்கள் முதலில் போனது ஜூலை நண்பகலில், செருப்போடு. மணல் 65 டிகிரி செல்சியஸ் வரை சுடும் என்பதைக் காலால் தெரிந்துகொண்டோம். போகிற வழியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த சறுக்குப் பலகை, மெழுகு தேய்ந்துபோய் நகரவே மறுத்தது. மகள் அதன்மேல் உட்கார, நான் இழுத்தேன். இரண்டாவது முறை மே கடைசியில் போனோம். மணல்மேட்டின் அடியில் மெடானோ ஓடை பாதம் நனையும் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மணல் அடியில் சேர்ந்து உடைய உடைய, அலை மாதிரி விட்டுவிட்டு வரும். கூட்டமும் அப்போதுதான். காரில் புகுந்த மணல் இன்னும் சீட்டு இடுக்கில் இருக்கிறது.

மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசின் நிலம். தேசியக் காடுகள், நில மேலாண்மை அமைப்பின் நிலங்கள் என்று பரந்து கிடக்கின்றன. பெரும்பாலான இடங்களில் பாஸ் இல்லாமலே போய்க் கூடாரம் போடலாம், வழக்கமாக 14 நாள் வரை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. "யாரிடம் கேட்பது? யார் நிலம்?" என்ற தயக்கம்தான். புறம்போக்கு என்று சொன்னதும் மனைவிக்கு உடனே புரிந்தது, ஆனால் பட்டா போட்டுக்கொள்ள முடியாத புறம்போக்கு.

பியூனா விஸ்டா பக்கம் முதல் தடவை தங்கியபோது நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு பாதிதான். சுமார் 9,000 அடி. தீத்தடை இருந்ததால் விறகு மூட்டவில்லை, கேஸ் அடுப்புக்கு அனுமதி உண்டு. சாதாரணப் பாத்திரத்தில் பொன்னி அரிசியைப் போட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரிசி வேகவில்லை. நாற்பது நிமிஷம் கழித்தும் நடுவில் ஒரு குத்து. அந்த உயரத்தில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு இரவு தயிரில் ஊறிய அரிசியைத் தின்றோம். அடுத்த முறையிலிருந்து மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் இல்லாமல் மலை ஏறுவதில்லை. கரடிக்கு மோப்பம் எட்டும் என்பதால் சாப்பாடு எல்லாம் காருக்குள், கதவு பூட்டியிருக்க வேண்டும். இங்கே கரடிக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும்.

மேசா வெர்டேயின் பாறைக் குடியிருப்புகள் அற்புதம், ஆனால் டென்வரிலிருந்து ஏழு மணி நேரம். ஏணி ஏற முடியாதவர்களுக்குப் பாதி அனுபவம்தான். பிளாக் கேன்யனில் 2,250 அடிச் செங்குத்துச் சுவரை ஒருமுறை எட்டிப் பார்த்தேன், எனக்கு அது போதும்.

கடைசியாக ஒன்று. டென்வருக்கு வடமேற்கே ராக்கி ஃபிளாட்ஸ் என்று இன்னொரு சரணாலயம் உண்டு. 1952 முதல் 1989 வரை அணுகுண்டுக்கான புளூட்டோனியப் பாகங்கள் செய்த இடம். 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதுவும் இலவசம், அதுவும் அழகான புல்வெளி, பின்னால் மலைத்தொடர். "ஆர்சனலுக்கு மட்டும் வாரா வாரம் போறீங்க, இதுவும் அதே கதைதானே?" என்று மனைவி கேட்கிறாள். சுத்தம் செய்தாயிற்று என்று இரண்டு இடத்துக்கும் ஒரே அதிகாரத்தோடுதான் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. இரண்டு தடவை அதன் கார் நிறுத்துமிடம் வரை போய், எஞ்சினை அணைக்காமலே திரும்பி வந்திருக்கிறேன்.