ஐந்து வருடம் என் மேசையில் இருந்த பிளாஸ்டிக் ஸ்கல்

பி.டி.எஸ். (பல் மருத்துவம்) சேர்ந்த மூன்றாவது வாரம், விடுதியில் ஒரு சீனியர் அக்காவிடம் 1,200 ரூபாய்க்கு இந்த ஸ்கல்லை, அதாவது மண்டை ஓட்டு மாதிரியை, வாங்கினேன். நிஜ அளவு, தாடை தனியாகக் கழலும், எதுவும் வரையாத வெறும் வெள்ளை. போன மாதம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிந்தது. வாங்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் ஏற்கெனவே வண்ணத்தில் வரைந்து வருவது வேண்டாம். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதைத்தான் வைத்திருந்தாள். பார்க்க அழகாக இருக்கும், பார்த்த மாதிரியே மறந்தும் போகும்.

நான் எலக்ட்ரிக்கல் கடையில் மெல்லிய ஒயர் வாங்கினேன். நரம்புக்கு மஞ்சள், தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம். முதலில், முகத்துக்கு உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பின் மூன்று கிளைகள். கண் பக்கம் போகும் ஆஃப்தால்மிக் கிளையை சுப்பீரியர் ஆர்பிட்டல் ஃபிஷர் என்ற பிளவு வழியாக விட்டேன், மேல்தாடைக்கான மாக்ஸிலரியை ஃபோரமென் ரொட்டண்டம் (ஃபோரமென் என்றால் துளை) வழியாக, கீழ்த்தாடைக்கான மேண்டிபுலரை ஃபோரமென் ஓவேல் வழியாக. ராத்திரி முழுக்க உட்கார்ந்து மனப்பாடம் செய்தும் நிற்காதது, அரை மணி நேரம் ஒயரோடு மல்லுக்கட்டியதில் நின்றுவிட்டது. ஃபோரமென் ஸ்பைனோசம் மட்டும் இதில் வெறும் பள்ளம்தான், துளையே இல்லை. ஊசியைச் சூடாக்கிக் குத்தித்தான், மூளை உறைக்குப் போகும் மிடில் மெனிஞ்சியல் தமனியை உள்ளே அனுப்பினேன்.

தாடைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் மாக்ஸிலரி தமனிக்கு ஒயர் மட்டும் போதாது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணில், மெல்லும் தசைகளில் ஒன்றான லேட்டரல் டெரிகாய்டைப் பிடித்து ஒட்டிய பிறகுதான், அந்தத் தமனியை ஏன் மூன்று பகுதியாகப் பிரிக்கிறார்கள் என்பது விளங்கியது. தசையை எட்டுவதற்கு முன்பே கீழ்த்தாடைப் பற்களுக்கான கிளை பிரிந்துவிடுகிறது, தசையோடு ஒட்டிப் போகும்போது மெல்லும் தசைகளுக்கு, தாண்டியதும் மேல்தாடைப் பற்களுக்கு. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டபோது, களிமண்ணை மனசில் வைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.

சரி, குறை என்ன? மூன்றாம் வருடம்தான் தெரிந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்க வந்த ஒரு பெரியவருக்கு இன்ஃபீரியர் ஆல்வியோலர் பிளாக் போட்டேன், அதாவது அந்தப் பக்கக் கீழ்ப்பற்களையும் கீழுதட்டையும் மரத்துப்போக வைக்கும் ஊசி. ஊசி சீக்கிரமே எலும்பில் முட்டியது. அங்கேயே மருந்தைச் செலுத்திவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அவர் சொன்னார்: "ஏம்மா, நாக்கு நல்லா மரத்துப்போச்சு. உதடு அப்படியேதான் இருக்கு."

நாக்குக்குப் போகும் லிங்குவல் நரம்பு, இன்ஃபீரியர் ஆல்வியோலர் நரம்புக்குச் சற்று முன்னால், உள்பக்கமாக இருக்கிறது. நான் முன்னாலேயே நின்றுவிட்டதால் அது மட்டும் மரத்திருக்கிறது. சார் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஊசியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சிரிஞ்சை எதிர்ப்பக்க முன்பற்கள் பக்கம் நகர்த்தினேன். முனை பின்னால் போனது, 20 மி.மீ.க்கு மேல் இறங்கி எலும்பைத் தொட்டது. ரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு மருந்தைச் செலுத்தினேன். உதடு மரத்தது.

அன்று ராத்திரி ஸ்கல்லைப் பார்த்தால், அதில் லிங்குவல் நரம்பே இல்லை. அது கீழ்த்தாடையில் எந்தத் துளைக்குள்ளும் நுழைவதில்லை, அதனால் எனக்கு அதற்கு ஒயர் போடத் தோன்றவே இல்லை! எலும்பில் துளை இருப்பதை மட்டும்தான் ஸ்கல் சொல்லித்தரும். முகத் தசைகளை அசைக்கும் ஃபேஷியல் நரம்பும் அப்படித்தான். அது மண்டை ஓட்டை விட்டு வெளியே வரும் ஸ்டைலோமாஸ்டாய்டு துளை வரை காட்டும், பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் அது ஐந்தாகப் பிரிவதெல்லாம் வெறும் காற்றில்தான். கீழ்த்தாடை விளிம்புக்கு 2 செ.மீ. கீழே ஏன் கத்தி வைக்கிறார்கள் என்பதை ஆபரேஷன் தியேட்டரில் நின்றுதான் கற்றேன். அந்த ஓரத்தில் ஓடும் மார்ஜினல் மேண்டிபுலர் கிளை அறுந்தால் அந்தப் பக்கக் கீழுதடு இறங்காது.

இன்னொரு குறை, லிங்குலா. நரம்பு கீழ்த்தாடைக்குள் நுழையும் மேண்டிபுலர் துளைக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்ன எலும்பு நாக்கு இதில் மழுங்கிப் போயிருக்கிறது. அனாட்டமி லேபில் நிஜ எலும்பை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். நாலைந்து தாடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், நரம்பு தாடையிலிருந்து வெளியே வரும் மென்டல் துளையும் ஒன்றில் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே இருக்கும், இன்னொன்றில் இரண்டு முன்கடைவாய்ப் பற்களுக்கு நடுவே. பிளாஸ்டிக்கில் எல்லாருக்கும் ஒரே முகம்.

ஃபேஷியல் தமனிக்கு ஸ்கல்லே வேண்டாம். பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் மாஸெட்டர் தசை புடைக்கும். அதன் முன்விளிம்பு கீழ்த்தாடையைத் தொடும் இடத்தில் விரல் வைத்துவிட்டுப் பல்லைத் தளர்த்துங்கள், துடிப்பு கிடைக்கும். பரீட்சை நாள்களில் பஸ்ஸில் உட்கார்ந்து இதையே செய்துகொண்டிருப்பேன்.

இரண்டாம் வருடம் தாடை ஸ்பிரிங் அறுந்தது, ரப்பர் பேண்ட் போட்டேன். மற்றபடி எந்தக் கோளாறும் இல்லை. போன வாரம் ஒரு முதல் வருடத் தங்கச்சிக்கு இதைக் கொடுத்துவிட்டேன். ஒயரையெல்லாம் உருவிவிட்டேன், அவளே போட்டுக்கொள்ளட்டும். ஸ்பைனோசத்தில் நான் போட்ட துளை மட்டும் அப்படியே இருக்கிறது.